சுவரில் மாட்டிய கதவு

கார்க் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்ட மூன்று கை வேண்டும். ஒதீலியாவுக்குக் கடவுள் இரண்டுதான் கொடுத்திருந்தார். அந்த இரண்டும் குட்டை.

ஒரு கை ஃபிலிமின் மூலையைப் பிடிக்க வேண்டும். இன்னொரு கை பின்பக்கத் தாளை உரிக்க வேண்டும். தாள் உரிந்ததும் பசை வெளியே வரும். பசை வெளியே வந்த அடுத்த நொடி ஊரிலுள்ள தூசி, நூல், கண்ணிமை முடி எல்லாம் அதைத் தேடிக்கொண்டு வரும். அதற்குள் சோப்புத் தண்ணீர் அடிக்க மூன்றாவது கை வேண்டும். பதினொரு வருடமாக அந்த மூன்றாவது கை அவளுடைய சித்தி மகன் ரொசெந்தோவின் கை. நாலாவது கையும் அவனிடம் இருந்தது. அதில் எப்போதும் ஒரு பரிட்டோ, கறி அடைத்த ரொட்டிச் சுருள், இருக்கும்.

போன மாதம் ரொசெந்தோ பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவள் அப்பாவின் பாதாம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான். பரிட்டோவும் போயிற்று. கடையில் மிஞ்சியது ஒதீலியாவும் ஜெனரலும்தான்.

ஜெனரல் ஒரு பாலைவன ஆமை. கறுப்பு ஒட்டுகிறவர்கள் நாய் வளர்க்க முடியாது. ஒரு முடி பசையில் சிக்கினால் அந்த வாடிக்கையாளர் தினமும் அந்த முடியைப் பார்த்துக்கொண்டேதான் வண்டி ஓட்டுவார். முடி உதிராத பிராணி எது என்று ஒதீலியா நிறைய யோசித்துத்தான் ஜெனரலைத் தத்தெடுத்தாள். அவர் காலையில் பின்கதவில் கிளம்பினால் கடையின் முன்கதவுக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் இரண்டு தூக்கம்.

ஒதீலியாவுக்கு நாற்பத்து மூன்று வயது. உயரம் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. பத்தொன்பது வயதில் லெட்யூஸ் கீரை அடைத்து அனுப்பும் குளிர்க் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். பாலைவன ஊரான யூமாவில் வெளியே தார் உருகும். கிடங்குக்குள் மூச்சு விட்டால் புகை வரும். வெயிலில் கம்பளிக் குல்லாவோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணைப் பார்த்து ஊரே சிரித்தது. பன்னிரண்டு வருடம் அப்படிப் போய்வந்தாள். அந்தக் கிடங்கின் வாகன நிறுத்தத்தில்தான், கடைசி வருடம் வாங்கிய பழைய காரில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்த ஃபிலிமைச் சாப்பாட்டு நேரத்தில் உரித்து, புதிதாக ஒட்டிப் பார்த்தாள். அடுத்த வாரம் சூப்பர்வைசர் அம்மாள் தன் காரைக் காட்டினாள். அதற்கடுத்த வாரம் பதினாறு பேர் காட்டினார்கள். ஒருநாள் குல்லாவை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தவள், திரும்பிப் போகவில்லை.

குல்லா மட்டும் இன்னும் அங்கேயே இருந்தது. ஒவ்வொரு வருடமும் சூப்பர்வைசர் அம்மாள் போன் செய்வாள்.

"ஒதீ, ஆள் எடுக்கறோம். உன் குல்லா இன்னும் ஆணியிலதான் தொங்குது."

"தொங்கட்டும்," என்பாள் ஒதீலியா. சொல்லிவிட்டு வெயிலில் போய்ச் சற்று நேரம் நிற்பாள்.

ரொசெந்தோ போன பிறகு அந்தக் குல்லா அடிக்கடி கனவில் வந்தது.

தனியாக ஒட்டிப் பார்க்காமல் இல்லை. முதலில் ஃபிலிமைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு உரித்தாள். சோப்புத் தண்ணீர் என்பது தண்ணீரில் நாலு சொட்டுக் குழந்தை ஷாம்பு. அன்று முழுக்க அவள் ஏப்பத்தில் பிறந்த குழந்தை வாசனை வந்தது. பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டவைத்து உரித்துப் பார்த்தாள். தண்ணீர் வழிந்து உள்ளே போய் மதியச் சாப்பாடு நனைந்தது. மூன்றாவது தடவை ஃபிலிம் காற்றில் புரண்டு அவள் மீதே ஒட்டிக்கொண்டது. முழங்கையிலிருந்து காது வரை. அந்த நேரம் பார்த்து ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். அவளைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார்.

"இது எத்தனை சதவீதம் வெளிச்சம் விடும்?"

"இருபது," என்றாள் ஒதீலியா, கறுப்புக்குள்ளிருந்து.

"எனக்கும் இதே போதும். திங்கட்கிழமை வரட்டுமா?"

அந்தத் திங்கட்கிழமை அவர் வரவில்லை. ஹாலரனின் போன்தான் வந்தது.

ஹாலரன் நெடுஞ்சாலை மேல் இருக்கும் கார் விற்பனை நிலையத்தின் மேலாளர். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புது வண்டிகள் அங்கிருந்துதான் ஒதீலியாவிடம் வரும். கடை நடப்பதே அந்த வண்டிகளால்தான்.

"உங்க தம்பி போயிட்டாராமே," என்றார் ஹாலரன்.

"போயிட்டான் சார். நான் இருக்கேன்."

"அது தெரியும். ஒரே ஆளா எப்படி? வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு வண்டியோட நானே வரேன். பன்னண்டு மணிக்கு எடுத்துட்டுப் போகணும். முடிஞ்சா எப்பவும் போல அனுப்பறேன். முடியலன்னா வேற இடம் பாத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க."

"தப்பா நினைக்க மாட்டேன் சார்," என்றாள் ஒதீலியா. போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் தப்பாகவே நினைத்தாள். பிறகு ரொசெந்தோவைக் கூப்பிட்டாள்.

"டேய், நீ ஒரு வாரம் வந்துட்டுப் போ."

"அக்கா, இங்க மாமனார் என்னை மரத்துக்கு மரம் அறிமுகப்படுத்திட்டு இருக்கார். பாதிதான் ஆயிருக்கு." பின்னணியில் அவன் எதையோ மென்றுகொண்டிருந்தது கேட்டது. "ஆள் எதுக்கு? சுவர்ல ஒரு பெரிய கண்ணாடிய மாட்டு. பெரிய ஊர்க் கடையில எல்லாம் அப்படித்தான். ஃபிலிமை ஈரத்தோட அதுல ஒட்டு, அது பிடிச்சுக்கும். உனக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கும். உரி, தண்ணி அடி, எடுத்துட்டுப் போய் காருக்கு ஒட்டு."

"இவ்வளவு நாளா ஏண்டா சொல்லல?"

"சொன்னா என்னை வேலைய விட்டு எடுத்திருப்பியே."

அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை தேவாலயத்துப் பழைய சாமான் கடைக்குப் போனாள். வீடு இடிக்கிறவர்கள் கழற்றிப் போடும் கதவுகள் அங்கே வரிசையாக நிற்கும். தோட்டத்துப் பக்கம் வைக்கும் சறுக்குக் கதவு ஒன்று அவள் கண்ணில் பட்டது. ஆறேகால் அடி நீளம், மூன்றடி அகலம். அசைத்தாலும் தட்டினாலும் உடையாத கெட்டிக் கண்ணாடி. அறுக்கத்தான் முடியாது, அறுத்தால் அரிசியாய்க் கொட்டிவிடும். விலை குறைவாக இருந்தது. ஏன் குறைவு என்று கடைக்குக் கொண்டுவந்து துடைத்த பிறகுதான் தெரிந்தது. கண்ணாடியின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளிப் பளபளப்பில் வெயில் தடுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தது. கதவு முகம் பார்க்கும் கண்ணாடி போல ஜொலித்தது.

யார் ஒட்டியது என்று பார்க்கக் கீழே குனிந்தாள். கீழ் வலது மூலை சதுரமாக இல்லை. நகக்கண் அளவுக்கு வளைத்து வெட்டியிருந்தது.

ஒதீலியா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

யூமாவில் மூலையை அப்படி வெட்டுகிற ஆள் ஒருத்திதான். கூரான மூலையில் தூசி புகுந்து ஃபிலிமைக் கிளப்பும். வளைத்துவிட்டால் கிளப்ப முடியாது. ரொசெந்தோ அதற்கு 'அக்கா கடி' என்று பேர் வைத்திருந்தான். எலி கடித்த ரொட்டி போல இருக்கும் என்பான்.

வீடு ஞாபகம் வந்துவிட்டது. எட்டு வருடத்துக்கு முன், குளிர்காலத்துக்கு மட்டும் மினசோட்டாவிலிருந்து வரும் ஒரு தம்பதி. மேற்குப் பார்த்த கதவு. "இந்த வீடு விழுந்தாலும் இது விழாதும்மா," என்று அவள் சொல்லியிருந்தாள். வீடு விழவில்லை. கதவை மட்டும் கழற்றிவிட்டார்கள். ஃபிலிம் சொன்ன வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நின்றது.

இப்போது அதை உரித்தாக வேண்டும். புது ஃபிலிமின் ஓரத்தைச் சீவ, பளபளப்பு ஃபிலிம் மேல் வைத்துக் கத்தி ஓட்ட முடியாது. அம்மோனியா தடவி, கறுப்புப் பிளாஸ்டிக் போர்த்தி, முற்றத்து வெயிலில் மூன்று மணி நேரம் வேகவைத்தாள். வெயிலில் எல்லாம் வெந்தது, அது வேகவில்லை. பிளேடு எடுத்துச் சுரண்டினாள். ஆறு பிளேடு தேய்ந்தது. சாயங்காலம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடுதான் வெளுத்திருந்தது. ஜெனரல் மட்டும் நிழலிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்.

ரொசெந்தோவிடம் மறுபடி பேசினாள்.

"வரமாட்டேங்குதுடா."

"யார் ஒட்டுனது?"

"நான்தான்."

"அப்ப வராது," என்று சொல்லி வைத்துவிட்டான்.

கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று ஒதீலியாவுக்குத் தெரியவில்லை. மாற்றி மாற்றி இரண்டையும் பட்டாள். அவளை வேலையற்றவளாக்கப் பார்ப்பது அவளுடைய வேலையேதான். கொஞ்சம் மோசமாக ஒட்டியிருக்கக் கூடாதா என்று எட்டு வருடத்துக்கு முந்தைய தன்னையே திட்டினாள். அந்தப் பழைய ஒதீலியா திருப்பிப் பேசவில்லை. அவளுக்கு அப்போது முதுகுவலியும் கிடையாது.

புதன்கிழமை அக்கா வீட்டுக்காரர் உபால்தோ டிரில்லிங் மிஷினோடு வந்தார். ஆறடி இரண்டு அங்குலம். வீடுகளுக்குச் சுவர்ப் பலகை அடிப்பது அவர் தொழில். இந்த உலகத்தில் தன் ரசமட்டத்தைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். ஒருதடவை கல்யாண கேக்கின் மேல் அதை வைத்துப் பார்த்து, சாய்ந்திருக்கிறது என்று சொன்னவர்.

"இதுக்குப் போய் ஏன் அழற கொழுந்தியா?" என்றார் அவர், கண்ணாடியைப் பார்த்து. "ஃபிலிம் இருக்கிற பக்கத்தைச் சுவரைப் பாக்கத் திருப்பி மாட்டு. இந்தப் பக்கம் வெறும் கண்ணாடி. கத்தி ஓட்டிக்கோ."

"அப்ப முகம் பாக்கற கண்ணாடி மாதிரி இருக்குமே மச்சான். நாள் முழுக்க என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு எப்படி வேலை செய்யறது?"

"உங்க அக்கா மூஞ்சிய இருபது வருஷமா பாத்துக்கிட்டுத்தான் நான் வேலை செய்யறேன்."

வேறு வழி இல்லாததால் அப்படியே முடிவானது. நீளவாக்கில் மாட்டுவது, பின்னால் ஒட்டுப்பலகை, கீழே வழியும் தண்ணீரைப் பிடிக்கப் பாதியாக அறுத்த பிளாஸ்டிக் குழாய். உபால்தோ சுவரெதிரே நின்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு மனுஷன் சிரமம் இல்லாம வேலை செய்யற உசரம் இதுதான்," என்று சொல்லிப் பென்சிலால் கோடு போட்டார்.

"எந்த மனுஷன்?" என்றாள் ஒதீலியா.

"பொதுவா."

"இங்க வேலை செய்யப் போறது நான்."

"நீ கை உசத்தினா எட்டும்ல."

"எட்டும். சர்ச்சுல சாட்சி சொல்ற மாதிரி எட்டும்."

உபால்தோ காதில் வாங்கவில்லை. கனமான கண்ணாடி, விழுந்தால் கொழுந்தியா மேல்தான் விழும், அப்புறம் வீட்டில் சோறு கிடைக்காது என்று சொல்லி, ஆறு அங்குல ஸ்க்ரூவாகத் தேர்ந்தெடுத்து எட்டு இடத்தில் முறுக்கினார். ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்பதை அவளுக்குக் காட்டி, அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கண்ணாடியின் கீழ் விளிம்பு ஒதீலியாவின் கழுத்துக்கு நேராக இருந்தது. எதிரே பார்த்தால் வெட்டி வைத்தது போல ஒரு தலை மட்டும் தெரிந்தது.

பக்கத்துக் கடையிலிருந்து காலி டோனட் பெட்டி ஒன்று வாங்கி, அதன் மேல் ஏறி நின்று தண்ணீர் அடித்தாள். ஷாம்புத் தண்ணீர் கண்ணாடியில் வழிந்து தரைக்கு வந்தது. பெட்டி படகு போல மெதுவாகக் கிளம்பியது. அவளை ஏற்றிக்கொண்டு கடையின் நடு வரைக்கும் போய், ஜெனரல் மேல் முட்டி நின்றது. ஜெனரல் அசையவில்லை.

மறுநாள் காலை, பக்கத்து டோனட் கடைக்காரர் சொவன் வந்து வாசலில் நின்றார். கம்போடியாக்காரர். ஒதீலியாவை விட ஒரு வயது சின்னவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"அக்கா, என் கடைச் சுவர்ல ஸ்க்ரூ முளைச்சிருக்கு."

"எத்தனை?"

"எட்டு. நேத்து மத்தியானம் இல்ல."

உபால்தோவைப் போனில் கூப்பிட்டார்கள். "என் ஸ்க்ரூ அந்தப் பக்கம் போகாது," என்று அவர் அங்கிருந்தே அடித்துச் சொன்னார். நேரில் வந்தும் சொன்னார். சொவன் அவரை டோனட் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கல்லாவுக்குப் பின்னால், சுவரில், எட்டு ஸ்க்ரூ முனையும் இரண்டு நேர்கோட்டில் நாலும் நாலுமாக நீட்டிக்கொண்டிருந்தன. யாரும் கையைக் கிழித்துக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் சொவன் ஒரு டோனட்டை மாட்டியிருந்தார். சர்க்கரை தூவியது, சாக்லேட் பூசியது, வெறுமனே வறுத்தது. காலையில் வந்த மூன்று பேர் அதைப் புது அலங்காரம் என்று படம் பிடித்துக்கொண்டு போனார்களாம்.

உபால்தோ வெகு நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு சாக்லேட் பூசிய ஒன்றைக் கழற்றிச் சாப்பிட்டார்.

"மட்டம் சரியாத்தான் இருக்கு," என்றார், மென்றபடி.

"மட்டத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல அண்ணே," என்றார் சொவன்.

"எல்லாத்தையும் கழட்டிட்டு மறுபடி மாட்டுங்க மச்சான்," என்றாள் ஒதீலியா. "சின்ன ஸ்க்ரூ. இந்தத் தடவை என் கைய நான் நீட்டறேன், நீங்க கோடு போடுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். உபால்தோ குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோடு போட்டார். "இது ஸ்கூல் பிள்ளைங்க உசரம்," என்று முணுமுணுத்தாலும், ஸ்க்ரூவையெல்லாம் சுவருக்குள் இருக்கும் கட்டைகளில் இறங்கும்படி தட்டிப் பார்த்துத்தான் முறுக்கினார். சொவன் இரண்டு பழைய ஸ்க்ரூவை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார். ஒன்று தொப்பிக்கு, ஒன்று ஏப்ரனுக்கு.

அவர்கள் போன பிறகு ஒதீலியா புதுக் கண்ணாடி முன் தனியாக நின்றாள். எதிரே, இடுப்புக்கு மேல், இன்னொரு பெண் நின்றாள். தலைமுடியில் டோனட் சர்க்கரை. சொவன் கடையில் எங்கோ பட்டிருக்க வேண்டும். தட்டிவிட்டுக்கொண்டு, ஒரு துண்டு ஃபிலிமை ஈரத்தோடு கண்ணாடியில் ஒட்டினாள். விட்டாள். விழவில்லை. இரண்டு கையும் சும்மா இருந்தது. பதினொரு வருடத்தில் வேலைக்கு நடுவே முதல் தடவையாக மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

தாளின் மூலையைப் பிடித்ததும் பழக்க தோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

"ரெடியா?"

பதினொரு வருடம் எதிரே நின்ற ரொசெந்தோவிடம் கேட்டது. அவன் எப்போதும் மென்று விழுங்கிவிட்டு, அரை நொடி பிந்தித்தான் கையைத் தூக்குவான். கண்ணாடிக்காரி பிந்தவில்லை. இவள் கை எழுந்த அதே நேரம் அவள் கையும் எழுந்தது. தாள் ஒரே இழுப்பில் வந்தது. தண்ணீர் அடித்தாள். அப்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஈரத்தில் ஒரு சின்ன நூல் கிடந்தது; அதற்குப் பின்னால் வெள்ளிப் பளபளப்பில் அதன் நிழலும் தெரிந்தது. ஒரு தூசி இரண்டு தூசியாகத் தெரிந்தால் தப்பிக்க இடமேது. எடுத்துப் போட்டாள்.

"மோசமில்ல," என்றாள் எதிரே இருந்தவளிடம். அவளும் அதையே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி அடிக்கச் சாம்பல் நிறக் காரோடு ஹாலரன் வந்தார். டை கட்டியிருந்தார். பின்கதவில் ஜெனரல் கிளம்பிக்கொண்டிருந்தார்.

ஹாலரன் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முதல் பத்து நிமிடம் ஒதீலியாவைக் கவனித்தார். அப்புறம் சுவர்க் கண்ணாடியில் தன்னைக் கவனித்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தவறிப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்து, யாரும் பார்க்காதது போல டையை ஒதுக்கிச் சரிசெய்தார். ஒதீலியாவுக்கு எல்லாம் கண்ணாடியில் தெரிந்தது. அவளுக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது.

முதலில் பின் கண்ணாடி. வெளிப்பக்கத்தில் போட்டு, சூடு காட்டி, வளைவுக்கு ஏற்றபடி சுருக்கினாள். பிறகு பின்கதவுகள் இரண்டு. ஒவ்வொரு தடவையும் சுவருக்கு வந்து, "ரெடியா?" என்று வாய்க்குள் கேட்டு உரித்தாள். முன்பக்கம் பயணி கதவு. பதினொன்று நாற்பது. மிச்சம் ஓட்டுநர் கதவு ஒன்றுதான். ஜெனரல் இரண்டாவது தூக்கத்தை முடித்துக்கொண்டு கடையின் முக்கால் பங்கைத் தாண்டியிருந்தார். ஹாலரன் காலை ஒதுக்கி அவருக்கு வழிவிட்டார்.

ஒதீலியா கடைசித் துண்டைச் சுவரில் ஒட்டினாள். விளிம்பு சீவினாள். தாளை உரித்தாள். பசைப் பக்கத்துக்கும் சுவர்க் கண்ணாடிக்கும் தண்ணீர் அடித்தாள். ஃபிலிமை இரண்டு மூலையிலும் பிடித்துத் தூக்கினாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் ஹாலரன். "நிஜமா சொல்லுங்க. இது எத்தனை வருஷம் நிக்கும்? எல்லாரும் ஆயுசு பூரான்னு சொல்றாங்க. யாரோட ஆயுசு?"

கறுப்பு ஒட்டுகிறவர்களின் கைக்கு ஒரே ஒரு புத்திதான் உண்டு. பசை திறந்துவிட்டால் அது பக்கத்தில் எங்கே ஈரக் கண்ணாடி இருக்கிறதென்று தேடும். மூளை பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது கை தன் வேலையைப் பார்த்தது.

"அது ஒட்டற ஆளைப் பொறுத்தது சார்," என்று சொன்னபடி ஒதீலியா ஃபிலிமைக் கண்ணாடியில் வைத்தாள். நகர்த்திச் சரிபார்த்தாள். ரப்பர் பட்டையை எடுத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு இழுப்பு, மறுபக்கம் ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு. தண்ணீர் மொத்தமும் வெளியே வந்தது. மூலையைத் துணியால் ஒற்றினாள். ஒரு குமிழி இல்லை, ஒரு தூசி இல்லை. இவ்வளவு சுத்தமாக அவள் தன் வாழ்நாளில் ஒட்டியதில்லை.

"அழகா இருக்கு," என்றார் ஹாலரன். "ஆனா கார் இந்தப் பக்கம் இருக்கு."

ஒதீலியா திரும்பிக் காரைப் பார்த்தாள். ஓட்டுநர் கண்ணாடி வெறுமையாகப் பளிச்சென்று நின்றது. சுவரைப் பார்த்தாள். சுவருக்கு ஓட்டுநர் கதவு கறுப்பாகியிருந்தது.

கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்தெட்டு. கிடங்குச் சூப்பர்வைசர் அம்மாள் போனில் சொல்வது காதில் கேட்டது: உன் குல்லா இன்னும் ஆணியிலதான் தொங்குது.

அவள் அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. சுருளை இழுத்துப் புதுத் துண்டு வெட்டினாள். பழைய துண்டை எடுக்க நேரமில்லை. அதற்குப் பக்கத்தில் மீதியிருந்த இடத்தில் புதியதை ஒட்டினாள். சீவினாள், உரித்தாள், தண்ணீர் அடித்தாள். ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு, "கார், கார், கார், கார்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே காருக்கு நடந்தாள். ஹாலரன் எழுந்து ஒதுங்கி நின்றார். ஜெனரலும் நின்றார், அவர் எப்படியும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

கடைசி இழுப்பை இழுத்து நிமிர்ந்தபோது பன்னிரண்டு அடித்து நாலு நிமிடம்.

"நாலு நிமிஷம் அதிகம்," என்றார் ஹாலரன்.

"ஆமா சார்." தோன்றியது ஒன்றை யோசிக்காமல் சொன்னாள். "ஆனா அஞ்சு கண்ணாடிக்குப் பதிலா ஆறு ஒட்டியிருக்கேன்."

ஹாலரன் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. சுவர்ப் பக்கம் போனார். கறுப்புத் துண்டைப் பார்த்துவிட்டு, கண்ணாடியின் ஓரத்தில் இருந்த இரண்டு விரல் அகலக் கோட்டைத் தொட்டார். அந்தக் கோட்டில் மட்டும் பளபளப்பு இல்லாமல் பின்னாலிருந்த பலகை தெரிந்தது.

"இது என்ன?"

"சுரண்டினது சார். இது பழைய கதவு. பின்னால வெள்ளி ஃபிலிம் இருக்கு. உரிச்சுடலாம்னு பாத்தேன். ஒரு பகல் பூரா உக்காந்தேன். ஆறு பிளேடு போச்சு. அவ்வளவுதான் வந்தது."

"யார் ஒட்டினது இது?"

"நான்தான். எட்டு வருஷத்துக்கு முன்னாடி. மேக்குப் பாத்த வீடு."

ஹாலரன் கோட்டை இன்னொரு தடவை தொட்டார். மேற்கு வெயில் எப்படியென்று யூமாக்காரருக்கு யாரும் சொல்ல வேண்டாம். கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

"நான் கேட்டதுக்கு இதையே காட்டியிருக்கலாமே. எதுக்குச் சுவருக்கு ஒட்டிக் காட்டினீங்க?" சாவியை எடுத்தார். "திங்கட்கிழமை ரெண்டு வண்டி வரும். நான் வரமாட்டேன். நான் வந்தா பேச்சுக் குடுப்பேன்."

வண்டி போன பிறகு ஒதீலியா கொஞ்ச நேரம் வாசல் வெயிலில் நின்றாள். சொவன் சர்க்கரை டோனட் இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றில் ஸ்க்ரூ ஓட்டை இருந்தது. அதைத் தின்றுகொண்டே கிடங்குக்குப் போன் செய்தாள்.

"அம்மா, நான் ஒதீ. அந்தக் குல்லாவ வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"நீ என்ன, ஆள் எடுக்கறதுக்கு முன்னாடியே கூப்பிட்டு வரமாட்டேங்கற? தலை பெருசா இருக்கிற ஆளாப் பாக்கணும். உன் தலைக்கு ஏத்த மாதிரி நல்லா விரிஞ்சு கிடக்கு."

சாயங்காலம் கடையைப் பூட்டுமுன் சுவருக்கு முன் வந்து நின்றாள். கறுப்புத் துண்டு சரியாக அவள் முகத்துக்கு நேரே இருந்தது. எதிரே நின்றவளுக்குத் தோள் இருந்தது, கைகள் இருந்தன. கழுத்துக்கு மேலே இருபது சதவீதம் வெளிச்சம் மட்டும் விட்டது போல ஒரு மங்கல். எடுத்துவிடலாம். புதுசு, ஈரம் இன்னும் காயவில்லை. இன்றைக்கு எடுத்தால் வந்துவிடும், நாளைக்கு வராது. மூலையில் நகத்தை வைத்தாள். மூலை வளைந்திருந்தது. அவசரத்திலும் கை மறக்கவில்லை.

நகத்தை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை இரண்டு வண்டி வந்தது. ஒதீலியா முதல் துண்டைச் சுவரில் ஒட்டி, தாளின் மூலையைப் பிடித்தாள். முகம் தெரியாத பெண்ணும் பிடித்தாள். பின்கதவில் ஜெனரல் கிளம்பினார்.

"ரெடியா?" என்றாள் ஒதீலியா.